சூடாகும் போன், உப்பும் பேட்டரி... கஸ்டமர் கேர் கைவிரித்தால் எங்கே போவது? முழு விவரம்

ராஜபாளையத்தில் இருக்கும் ஒருவர் ஆன்லைனில் போன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கி நாலு மாசம்கூட ஆகல, பேட்டரி உப்பி பின்பக்க மூடி பிளந்து நிற்கிறது. கஸ்டமர் கேருக்கு போன் செய்தால், "சர்வீஸ் சென்டர்ல குடுங்க சார்" என்கிறார்கள். அங்கே போனால், "கீழ போட்டிருக்கீங்க, வாரண்டி கிடையாது" என்று பதில் வருகிறது. இனி என்ன செய்வது?

முதலில் பாதுகாப்பு

உப்பிய பேட்டரியை சார்ஜ் போடக் கூடாது. குத்தவோ அழுத்தவோ கூடாது. போனை அணைத்துவிட்டு, துணி, பேப்பர், மெத்தை இல்லாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், சார்ஜில் இல்லாதபோதும் தீப்பிடிக்கலாம்.

ஆதாரம் முக்கியம்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பழுதான பொருளைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தால், பிறகு நிரூபிக்க எதுவும் இருக்காது. பில், வாரண்டி கார்டு, ஐஎம்இஐ எண், பல கோணங்களில் போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பொருளைக் கொடுத்தால், என்ன பழுது என்று எழுதிய ஜாப் ஷீட்டை கேட்டு வாங்குங்கள். போனில் பேசியதை அப்படியே இமெயிலிலும் அனுப்பிவிடுங்கள். ஆன்லைன் தளங்களுக்கு 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

அடுத்து 1915

பதில் வரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி சமரசம் செய்யப் பார்ப்பார்கள். ஆனால் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

வழக்கு எங்கே?

கம்பெனி பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும் கவலை வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. ராஜபாளையம்காரர்களுக்கு பக்கத்து ஊர். ஆன்லைனிலும் புகார் தாக்கல் செய்யலாம்.

பொருளுக்கு கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பது கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம். ஆனால் பிரச்னை ஏற்பட்டு 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்தால் முடியும். ஆய்வு தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தாமதமாகலாம்.

காயம் பட்டால்?

பொருள் வெடித்து காயமோ வீட்டுக்கு சேதமோ ஏற்பட்டால், அது 'பொருள் பொறுப்பு' என்ற பிரிவில் வரும். பழுதான பொருளின் விலை மட்டுமல்ல, காயம், சொத்து சேதம், மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். சிகிச்சை ரசீதுகளை பத்திரமாக வையுங்கள். எந்த கம்பெனி தயாரித்தது என்றே தெரியாத சார்ஜர் என்றால், விற்ற கடைக்காரரே பொறுப்பாளி ஆகலாம்.

மாற்று போனா, பணமா?

2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பிடித்தபோது, நிறுவனம் முதலில் வேறு போன் மாற்றித் தந்தது. அவையும் எரிந்ததால், அந்த மாடல் தயாரிப்பையே அக்டோபரில் நிறுத்தியது. எனவே அதே மாடலில் உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்றால், புகாரிலேயே "பணத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்று தெளிவாக எழுதுங்கள். மாற்றுப் பொருள், பணம் இரண்டில் எதையும் தரச் சொல்லி ஆணையம் உத்தரவிடலாம்.