மந்திரவாதியும் கல்வெட்டும்

தேரோட்டம், ஆடிப்பெருக்கு போன்ற திருநாட்களில் கோயில் வாசலில் கடை விரிப்பவர்களுள் புத்தக வியாபாரியும் ஒருவர். தரையில் சாக்கை விரித்து, மெல்லிய அட்டை போட்ட புத்தகங்களை வரிசையாக அடுக்கி வைப்பார். ஒரு பக்கம் விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை, தேசிங்குராஜன் கதை. மறுபக்கம் மாந்திரீகம், இந்திரஜாலம், வசியம், கனவுப் பலன், பல்லி விழும் பலன். இரண்டு வகையும் ஒரே மாதிரித் தாளில், ஒரே மாதிரிப் பெரிய எழுத்தில் அச்சானவை. விலையிலும் பெரிய வித்தியாசம் இராது.

பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் இவை இரண்டும் ஒன்றல்ல. ஒன்று மந்திரத்தைப் பற்றிக் கதை சொல்கிறது. மற்றொன்று மந்திரம் பலிக்கும் என்று வாக்குக் கொடுக்கிறது. இந்த வேறுபாட்டை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

அச்சு பரவிய கதை

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. தரங்கம்பாடியில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுக்கூடம் நிறுவப்பட்டது. ஆயினும் அச்சு நெடுங்காலம் பாதிரிமார்களிடமும் அரசாங்கத்திடமுமே இருந்தது. 1835-இல் சார்லஸ் மெட்காஃப் கொண்டுவந்த சட்டத்தால் அச்சகம் வைக்க உரிமம் பெற வேண்டிய கட்டுப்பாடு நீங்கியது. அதன்பின் நம்மவர்களின் அச்சகங்கள் பெருகின. புலவர்கள் பழைய இலக்கியங்களைப் பதிப்பித்தார்கள். வியாபாரிகளோ, சாதாரண மக்கள் விரும்பிக் கேட்டுவந்த கதைகளை அச்சிட்டார்கள்.

சென்னைப் பூங்கா நகரின் குஜிலிக் கடைத்தெரு இத்தகைய மலிவுப் புத்தகங்களுக்குப் பேர்போனது. பெரிய எழுத்துக் கதைகளை வெளியிட்ட இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்களின் பெயர் கிராமங்களிலும் தெரிந்திருந்தது. எழுத்தைப் பெரிதாக அச்சிட்டதற்குத் தக்க காரணம் உண்டு. புதிதாக எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும், பார்வை மங்கிய முதியவர்களும், விளக்கொளியில் படிப்பவர்களுமே இவற்றின் வாசகர்கள். ஒருவர் உரக்கப் படிப்பார். திண்ணையில் பத்துப் பேர் கேட்பார்கள். பள்ளிக்கூடம் எட்டாத இடத்தில் படிக்கும் ஆசையை வளர்த்தவை இந்த மாயக் கதைகள்தாம்.

வேதாளத்தின் கேள்வி

இக்கதைகளின் வேர் மிக ஆழமானது. வேதாளக் கதைகள் 11-ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் இடம்பெற்றுள்ளன. மதனகாமராஜன் கதையை நடேச சாஸ்திரியார் 1886-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1947-இல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா இதழ், விக்கிரமனையும் வேதாளத்தையும் பல தலைமுறைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தியது. ஓவியர் சங்கர் வரைந்த வேதாளத்தை யார்தான் மறப்பார்கள்?

இக்கதைகளின் அமைப்பைச் சற்றுக் கவனியுங்கள். வேதாளம் ஒரு கதை சொல்கிறது. முடிவில் ஒரு சிக்கலான கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். விக்கிரமன் மந்திரம் ஓதி விடை சொல்வதில்லை; காரண காரியத்தோடு சிந்தித்தே சொல்கிறான். பிணத்தில் பேய் புகுந்து பேசும் கதைதான். ஆனால் அது கேட்பவர்களுக்கு அளிப்பதோ நியாயம் பிரித்துப் பார்க்கும் பயிற்சி! பேய் உண்டு என்று நம்பச் சொல்லி எந்தக் கதையும் நம்மிடம் கையெழுத்துக் கேட்பதில்லை.

ரவிதாசன் யார்?

கதைக்கும் சான்றுக்கும் உள்ள உறவை விளக்கக் காட்டுமன்னார்கோயிலைவிடச் சிறந்த ஊர் கிடைப்பது அரிது. முதலாம் பராந்தகனின் பட்டப்பெயரால் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று வழங்கிய ஊர் இது. அருகேயுள்ள வீராணம் ஏரியின் பெயரும் அப்பட்டத்திலிருந்து வந்ததே. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் இந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. அதில் வரும் ரவிதாசனை வாசகர்கள் நன்கு அறிவார்கள். ஆந்தைபோல் குரல் கொடுப்பான். மந்திரவாதி என்ற பெயரில் பழுவூர் அரண்மனைக்குள் வந்து போவான்.

இதே ரவிதாசனின் பெயர் ஊரின் ஒரு பகுதியான உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. 985-இல் பட்டமேறிய முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களை அது குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவினர்களின் சொத்தைப் பறிமுதல் செய்து விற்கும்படி ஊர்ச்சபைக்கு வந்த அரசாணையையும் சொல்கிறது. கல்வெட்டில் ரவிதாசன் மந்திரவாதி அல்லன். பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டம் பெற்றவன். சோழ அரசில் உயர்பதவி வகித்த அந்தணர்களுக்கு இத்தகைய பட்டம் அளிக்கப்பட்டது.

மந்திரவாதி கல்கியின் கற்பனை. அதில் குற்றம் ஏதுமில்லை, ஏனெனில் அது நாவல். கொலை ஏன் நடந்தது, தூண்டியவர் யார் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. உத்தம சோழனுக்கு இதில் பங்கிருக்கலாம் என்று வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். சான்று நின்ற இடத்துக்கு அப்பால் இருவரும் ஊகத்தை ஊகமாகவே வைத்து வாதிட்டார்கள். ஆராய்ச்சி என்பது இதுதான்.

மூன்றாம் வகை நூல்

இனி மாந்திரீக நூல்களுக்கு வருவோம். வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், மாரணம் முதலிய எட்டுச் செயல்களை அட்டகருமம் என்று இவை கூறும். புலிப்பாணி ஜாலம் 325 போன்றவை சித்தர்கள் பெயரால் வழங்குகின்றன. பழைய நம்பிக்கைகளையும் சொற்களையும் ஆராய்வோருக்கு இவை பயன்படும். ஆனால் ‘இதைச் செய்தால் இது நடக்கும்’ என்று ஒரு நூல் சொல்லும்போது அது கதையின் எல்லையைத் தாண்டி ஆய்வுக்கூடத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. செய்து பார்த்துச் சோதிக்க நமக்கு உரிமை உண்டு.

சில ‘ஜாலங்கள்’ உண்மையிலேயே நடக்கும். செம்பருத்திப் பூவைக் கத்தியில் நன்றாகத் தேய்த்து உலரவிட்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கினால் ‘இரத்தம்’ வடியும். பூவிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் எலுமிச்சையின் அமிலம் பட்டுச் சிவக்கிறது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பதை ஆரத்தி கரைக்கும் பாட்டியும் அறிவார். இவற்றை யார் செய்தாலும், மந்திரம் சொல்லாமல் செய்தாலும் நடக்கும். இலங்கையில் வாழ்ந்த விஞ்ஞான ஆசிரியர் ஆபிரகாம் கோவூர், சோதனைக்கு உட்பட்டு அற்புத சக்தியை நிரூபிப்பவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் மறையும்வரை அப்பரிசை யாரும் வெல்லவில்லை.

உயிரோடு விளையாட்டு

சில சோதனைகள் உயிர்மேல் நடக்கின்றன. மாந்திரீக நூல்களில் பாம்புக்கடி மந்திரங்கள் உண்டு. நெல் வயல்கள் நிறைந்த நம் பகுதியில் மந்திரித்துப் பிழைத்தவர்களைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வயலில் காணும் சாரையும் தண்ணீர்ப்பாம்பும் நஞ்சற்றவை. நச்சுப் பாம்பும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதுண்டு. இவ்வாறு தாமாகவே பிழைத்தவர்கள் மந்திரத்தின் கணக்கில் வரவாகிறார்கள். இறந்தவர்கள் ‘விதி’யின் கணக்கில் எழுதப்படுகிறார்கள். இப்படி எழுதப்படும் கணக்கில் எந்த மந்திரமும் தோற்காது!

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் முறிவு மருந்து இருக்கிறது. அதற்கு வேண்டிய நஞ்சைச் சென்னை அருகே வடநெம்மேலியில் 1978-இல் தோன்றிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சேகரித்து வழங்கி வருகிறது. கடிபட்டவரை அசையவிடாமல் விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே வழி. மந்திரிப்பதில் கழியும் ஒரு மணி நேரம் ஓர் உயிரின் விலையாகலாம். தாயத்து, மந்திரம் போன்றவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கதைப் புத்தகத்துக்கு அப்படியொரு தடை தேவைப்படவில்லை.

ஆகவே அடுத்த திருவிழாவில் புத்தகக் கடையைக் கண்டால் ஒதுங்கிப் போக வேண்டாம். விக்கிரமாதித்தன் கதையை வாங்குங்கள், வீட்டில் உரக்கப் படியுங்கள், நண்பர்களுக்கும் கொடுங்கள். மாந்திரீக நூலை வாங்கினால் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். பலித்தவற்றை மட்டுமல்ல, பலிக்காதவற்றையும் அதில் எழுதுங்கள். உயிருக்கு ஆபத்தில்லாதவற்றை மட்டும் சோதியுங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் சென்றால் அனந்தீசுவரர் கோயிலில் அந்தக் கல்வெட்டையும் பார்த்து வாருங்கள்.