ஜெனீவாவில் சூ என்லாய்: 1954 மாநாடு சொல்லும் பாடம்

ஜெனீவாவில் முறிந்த கதிரைச் சிற்பம் நிற்கும் திடல் எம்மவர் பலருக்குப் பழக்கமான இடம். அதற்கு எதிரே உள்ள ஐக்கிய நாடுகள் மாளிகையில்தான், 1954 ஆம் ஆண்டு கம்யூனிஸ்ட் சீனா முதன்முறையாக வல்லரசுகளுடன் சமமாக ஒரு பெரிய மாநாட்டு மேசையில் அமர்ந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சீனப் பிரதமரும் வெளிநாட்டமைச்சருமான சூ என்லாய்.

1898இல் பிறந்த சூ, 1920இல் பிரான்சுக்குச் சென்று அங்கேயே கம்யூனிஸ்ட் இயக்கத்தில் இணைந்தவர். நெடும்பயணத்தின் நடுவே, 1935 ஜனவரியில் சுன்யி நகரில் நடந்த கூட்டத்தில் இராணுவத் தோல்விகளுக்குத் தன் பொறுப்பை ஏற்று, மாவோ சேதுங்கின் பக்கம் நின்றார். மாவோவின் எழுச்சிக்கு அது திருப்புமுனை. 1949 முதல் 1976இல் இறக்கும் வரை சூவே பிரதமர். மாவோ புரட்சியின் முகம் என்றால், உலகத்துடன் பேசிய குரல் சூவினுடையது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் சிலரைக் காப்பாற்றியவரும் அவரே, அதன் அடக்குமுறைக்குத் துணைபோனவரும் அவரே.

அன்று ஐ.நா.வில் சீனாவின் ஆசனம் தாய்வான் அரசின் கையில் இருந்தது. அமெரிக்கா பீக்கிங் அரசை ஏற்கவில்லை. சுவிற்சர்லாந்து 1950 ஜனவரி 17ஆம் நாளே அதை அங்கீகரித்திருந்தது. எனவே நடுநிலை நாட்டின் ஜெனீவா நகரம் சூவுக்கு உலகின் வாசலாயிற்று.

மாநாடு ஏப்ரல் 26இல் தொடங்கியது. கொரியா பற்றிய பேச்சு ஜூன் நடுப்பகுதியில் முடிவின்றிக் கலைந்தது. இந்தோசீனா பற்றிய பேச்சோ மே 8இல், டியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்த மறுநாள் தொடங்கியது. அமெரிக்க இராஜாங்கச் செயலர் டலஸ் சூவுடன் கைகுலுக்க மறுத்தார் என்ற கதை இன்றும் பேசப்படுகிறது. 1972இல் பீக்கிங்கில் விமானத்தால் இறங்கிய நிக்சன் முதலில் கை நீட்டியது அந்தக் கதையை மனதில் வைத்துத்தான்.

சூ சும்மா இருக்கவில்லை. சீனக் காதல் கதை ஒன்றைத் திரைப்படமாகக் காட்டி, அதைச் 'சீனாவின் ரோமியோ ஜூலியட்' என்று அறிமுகம் செய்வித்தார். வெவே அருகே குடியேறியிருந்த சார்ளி சப்ளினுக்கு விருந்து வைத்தார். ஜூன் 23இல் பேர்ணில் புதிய பிரெஞ்சுப் பிரதமர் மென்டெஸ் பிரான்சைச் சந்தித்தார். ஜூலை தொடக்கத்தில் சீனாவின் லியூசோ நகரில் ஹோ சி மின்னுடன் பேசி, விட்டுக்கொடுப்புக்கு அவரை இணங்க வைத்தார்.

அந்த விட்டுக்கொடுப்பின் விலையை வியட்நாமியர் கொடுத்தனர். களத்தில் வென்றிருந்த அவர்கள், முதலில் 13ஆவது அகலக்கோட்டைக் கேட்டனர். ஜூலை 21இல் முடிந்த உடன்பாட்டில் நாடு 17ஆவது அகலக்கோட்டில் பிரிந்தது. 1956 ஜூலையில் பொதுத்தேர்தல் நடத்தி நாட்டை இணைப்பதாக அறிக்கையில் எழுதப்பட்டது. அந்த அறிக்கையை அமெரிக்காவும் ஏற்கவில்லை, தென்வியட்நாம் அரசும் ஏற்கவில்லை. தேர்தல் நடக்கவேயில்லை. நாடு இணைய இன்னுமொரு போரும் இருபது ஆண்டுகளும் தேவைப்பட்டன.

சூ ஏன் அழுத்தம் கொடுத்தார்? கொரியப் போரில் சீனா பெரும் இழப்பைச் சந்தித்திருந்தது. தன் தென் எல்லையில் அமெரிக்கப் படை வந்து இறங்குவதை அது விரும்பவில்லை. முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அமைதியும் தேவைப்பட்டது. சீனாவின் கணக்கில் அது நியாயமே. ஆனால் 1979இல் சீனாவுடன் போர் மூண்டபின், வியட்நாம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை ஜெனீவாவில் சீனா தன்னை விலைபேசியதாகக் குற்றம் சாட்டியது. தோள் கொடுத்த தோழனும் மேசைக்கு வரும்போது தன் நாட்டின் கணக்கோடுதான் வருகிறான்.

இது எமக்கும் தொலைவான கதையல்ல. 2012 மார்ச்சில் அதே ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானம் மனித உரிமைகள் சபையில் 24க்கு 15 என்ற கணக்கில் நிறைவேறியபோது, சீனா எதிர்த்து வாக்களித்தது, இந்தியா ஆதரித்தது. இரு நாடுகளும் தத்தம் நலனை எடைபோட்டே கை உயர்த்தின. வல்லரசுகளிடம் நட்பைத் தேடலாம். ஆனால் யார், எப்போது, எப்படி நிறைவேற்றுவது என்று உறுதி செய்யாத வாக்குறுதி காகிதத்திலேயே நின்றுவிடும் என்பதற்கு 1956இல் நடக்காத அந்தத் தேர்தலே சாட்சி.