தோட்டப் பிள்ளைகளும் கல்லாட்டமும்

பதுளைக்கு அணித்தாயுள்ள ஹாலிஎலப் பகுதித் தோட்டங்களின் கல்வி வரலாற்றைப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவது பொருந்தாது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துரைமார்க்கு விதித்த கடமை, ஆறு முதல் பத்து வயதுவரையுள்ள பிள்ளைகளைப் பற்றியதே. அவரினும் இளையோர், தாய்மார் கொழுந்தெடுக்கச் சென்றபோது, பிள்ளைக்காம்பராவிலும் லயத்து வாசலிலும் விடப்பட்டனர்.

அச்சிறார்க்கு எளிதில் வாய்த்த கருவி ஐந்து கூழாங்கற்கள். ஒரு கல்லை மேலே எறிந்து, அது விழுமுன் நிலத்திலுள்ளதை வாரி, இறங்கிவருங் கல்லையும் அதே கையால் ஏந்துதல் வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக வாருவர், அடுத்து இரண்டிரண்டாக, பின்னர் மூன்றும் ஒன்றுமாக, ஈற்றில் நான்கும் ஒருங்கே. நான்கென்னும் எண்ணைப் பகுக்கும் வகைகள் பல எழுத்தறியாக் குழந்தையின் விரல்வழியே அமைந்துவிடுகின்றன; கண்ணும் கையும் இயைந்து தொழிற்படவும் பழகுகின்றன. சங்கச் செய்யுட்கள் கூறும் மகளிர் கழங்காட்டம் இதற்கு மூத்த உறவு எனலாம். கடல்கடந்து வந்தோர்க்குச் சுமையாகாத உடைமை இதுவன்றோ!

மரியா மொண்டிசோரி அம்மையார் 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். கைவழியே அறிவு வளரும் என்பது அவர்தம் கொள்கை. அதற்குரிய பயிற்சி லயத்து முற்றத்தில் முன்னரே நிகழ்ந்துகொண்டிருந்தது. அதனைத் தொடர்ந்து வளர்த்தற்குரிய ஆசிரியரே அரியராயினர். கல்லாடிப் பழகிய விரல்களுட் பல, பத்து வயது கடந்ததும் கொழுந்து கிள்ளச் சென்றன.