அம்லோடிபின்

உயர் இரத்த அழுத்தத்துக்கும் இதயத் தமனிகளில் இரத்த ஓட்டம் குறைவதால் வரும் நெஞ்சுவலிக்கும் தரப்படும் மாத்திரை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. தஞ்சை வட்டாரத்துக் கிராமங்களில் பலருக்கு 'பிரஷர் மாத்திரை' என்பதே இதற்குப் பெயர்.

தமனிச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதை இது தடுக்கிறது. தசை தளர, குழாய் விரிந்து அழுத்தம் இறங்குகிறது. வழக்கமான தொடக்க அளவு 5 மி.கி., முதியோருக்கு 2.5, உச்சம் 10. உடலில் இதன் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம். அதனால் நாளுக்கு ஒன்று போதும். முழுப்பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேலாகும்.

காவிரி டெல்டாவில் தனிக் கவனம் வேண்டியது இம்மாத்திரையின் பக்கவிளைவான கணுக்கால் வீக்கம். நாள் முழுதும் சேற்றில் நின்று நாற்று நடுபவர்கள் அதை வேலைக் களைப்பென்று விட்டுவிடலாம். கும்பகோணம் பக்கம் நெடுங்காலம் இருந்த யானைக்கால் நோயென்று அஞ்சவும் கூடும். யானைக்கால் பெரும்பாலும் ஒரு காலில் கூடுதலாகத் தெரியும். மாத்திரையால் வரும் வீக்கம் இரு கால்களிலும் வரும், மாத்திரையின் அளவு கூடினால் அதுவும் கூடும். நீர் பிரியும் மாத்திரை இதற்கு அவ்வளவாக உதவாது. மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது டெல்மிசார்டான் போன்ற வேறொரு இரத்த அழுத்த மாத்திரையைச் சேர்ப்பார். தாமாக நிறுத்துவதுதான் ஆபத்து: அழுத்தம் சில நாளில் அறிகுறியின்றி ஏறிவிடும், பக்கவாதம் வரை போகலாம்.

ஒரு வேளை மாத்திரை மறந்தால் அன்றே நினைவு வந்ததும் போடலாம். மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது.