டைனமோவில கேட்ட பாட்டு

அப்பாவுக்கு எண்பது தாண்டிட்டுது. ஸ்காபரோவில என்னோடதான் இருக்கிறார். இரண்டு வருசமா மறதி. சிலநேரம் என்னைத் தன்ர தம்பி எண்டு நினைச்சுக் கதைப்பார். காலமை என்ன சாப்பிட்டவர் எண்டு கேட்டால் தெரியாது. ஆனால் சவுந்தரராஜன் பாட்டுப் போட்டால் சரணம் பிசகாமல் பாடுவார். இது எப்பிடி எண்டு யோசிக்கப்போக, கதை எங்கட ரேடியோவில போய் நிண்டுது.

கொழும்பில ரேடியோ தொடங்கினது 1925 டிசம்பர் 16. இரண்டாம் உலகப்போர் நேரம் வெள்ளைக்காரன் தன்ர படைகளுக்கு எண்டு பெரிய சிற்றலை நிலையம் ஒண்டு வைச்சிருந்தான். பிறகு அது இலங்கைக்கு வந்துது. 1950 இல வர்த்தக சேவை துவங்கிச்சுது. 1952 இல இந்தியாவில அமைச்சரா வந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியில சினிமாப் பாட்டுக்குக் கட்டுப்பாடு போட்டார். பிறகென்ன, தமிழ்நாடும் கொழும்பைத்தான் திருப்பினது. அவை 1957 இல விவித பாரதி கொண்டுவரும் முன்னமே எங்கட ஆக்களுக்கு அங்க பெயர் வந்திட்டுது. மயில்வாகனன், பிறகு கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத்.

அப்பா பிறந்தது 1942. அந்த நல்ல காலம் முழுக்க அவர் பெடியன். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில நடந்ததுகள்தான் முதுமையில கூட ஞாபகம் வரும் எண்டு ஆராய்ச்சிக்காரர் சொல்லுகினம். பாட்டு அதிலயும் ஆழமாப் போய் இருந்திடும். அப்ப அப்பாவின்ர கணக்குச் சரி.

என்ர கணக்கு வேற. 1990 ஜூனில சண்டை திரும்பத் துவங்க, யாழ்ப்பாணத்தில கரண்ட் நிண்டுது. எனக்கு அப்ப 12 வயது. பற்றரியும் தடை. சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்டம். இரவு பிபிசி தமிழோசை முடிய, அப்பா தன்ர பழைய கசற்றைப் போடுவார். சுத்துறது நான். கை உளைஞ்சு வேகம் குறைய, பாட்டு இழுபடும். சுசீலாவின்ர குரல் ஆம்பிளைக் குரலாப் போகும். அப்பா பேசுவார். 1995 ஒக்டோபர் இடம்பெயர்வோட அந்தச் சைக்கிளும் போச்சுது, கசற்றும் போச்சுது.

இப்ப றெஸ்ரோறண்ட் குசினியில வெங்காயம் வெட்டேக்க அதே பாட்டுகளை ஃபோனில கேக்கிறன். துப்பரவா, பிசகில்லாமல் வரும். ஆனா எனக்கு இழுபடுற இடத்தில இழுபடாட்டி ஏதோ குறையுது.

போன மாசம் அப்பாவுக்குப் பாட்டுப் போட்டன். இண்டர்நெற் நிண்டு பாட்டு நடுவில தடக்கிச்சுது. அப்பா கண்ணை மூடினபடி சொன்னார்:

"கெதியாச் சுத்தடா தம்பி."

அவர் 'தம்பி' எண்டது என்னையோ, தன்ர தம்பியையோ எண்டு முதல் விளங்கேல்லை. பிறகு யோசிச்சுப் பாத்தன். அவற்ற தம்பி 1983 க்குப் பிறகு ஜேர்மனிக்குப் போனவர், டைனமோ சுத்தினதே இல்லை. அது நான்தான்.

நாளைக்கு எனக்கும் மறதி வரலாம். இங்க பிறந்த என்ர மகளுக்கு எந்தப் பாட்டைப் போடுறது எண்டு தெரியாது. அதால ஒரு கொப்பியில எழுதத் துவங்கியிருக்கிறன். பாட்டு, படம், எந்த வருசம், எங்க இருந்து கேட்டது எண்டு. உங்கட வீட்டிலயும் வயதானவை இருந்தால் இப்பவே கேட்டு எழுதி வையுங்கோ. பிறகு கேக்க ஏலாமப் போகும்.