இடம்பெயர்ந்தோருக்குக் குடும்பக் கட்டுப்பாடும் இனப்பெருக்க நலச் சேவையும்: ஒரு வரலாறு

போர், கலவரம், இயற்கைப் பேரிடர் ஆகியவற்றால் ஊரைவிட்டு வெளியேறியவர்களுக்கு முதலில் என்ன தேவை என்று கேட்டால், குடிநீர், உணவு, தங்குமிடம், கொள்ளைநோய்த் தடுப்பு என்றே பெரும்பாலோர் சொல்வர். நிவாரண அமைப்புகளும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணின. பிரசவ உதவி, கருத்தடை, பாலியல் வன்முறைக்குப் பிந்தைய சிகிச்சை ஆகியவை அந்தப் பட்டியலில் சேர 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் கருத்தடைக்குத் தனி இடம் 2018ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. இந்தத் தாமதம் ஏன் ஏற்பட்டது, எப்படி நீங்கியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கணக்கில் வராத தேவை

அகதி முகாம்களின் மருத்துவம் தொற்றுநோய்களை எதிர்கொள்வதற்காகவே வளர்ந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 1994 சூலையில் ருவாண்டாவிலிருந்து அன்றைய சயீர் நாட்டின் கோமா பகுதிக்குத் தப்பி வந்தவர்களில் ஏறத்தாழ 50,000 பேர் முதல் மாதத்திலேயே இறந்தனர். காலராவும் சீதபேதியுமே பெரும்பாலான உயிர்களைப் பறித்தன. இத்தகைய சூழலில் கருத்தடை பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாகத் தோன்றியது.

ஆனால் மனிதர்கள் இடம்பெயர்வதால் கருவுறுதலும் பிரசவமும் நின்றுவிடுவதில்லை. நிவாரணத் திட்டமிடலில் இன்று பயன்படும் ஓர் எளிய கணக்கு இதைக் காட்டும். 10,000 பேர் கொண்ட ஒரு முகாமில் ஏறத்தாழ 2,500 பேர் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள். ஆண்டுக்குச் சுமார் 400 பிரசவங்கள், அதாவது மாதத்திற்கு 33 நிகழும். அவற்றில் 15 விழுக்காட்டில் சிக்கல் ஏற்படலாம் என்று கொண்டால், மாதத்திற்கு ஐந்து பெண்களுக்கு அவசர மருத்துவ உதவி வேண்டும். அது கிடைக்காதபோது தாயோ சேயோ இறக்க நேரிடும்.

வேறு இழப்புகளும் உண்டு. மாத்திரையையோ மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் ஊசியையோ நம்பியிருந்த பெண்ணுக்கு ஊரோடு மருத்துவமனையும் போய்விடுகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளாகும் ஆபத்து கூடுகிறது. விரும்பாத கருவைப் பாதுகாப்பற்ற முறையில் கலைக்க முயன்று உயிரிழப்போரும் உள்ளனர்.

1994: திருப்புமுனை

1994ஆம் ஆண்டு இரண்டு நிகழ்வுகளால் முக்கியத்துவம் பெறுகிறது. அகதிப் பெண்கள், குழந்தைகளுக்கான மகளிர் ஆணையம் என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு பல நாடுகளின் முகாம்களை ஆராய்ந்து, இனப்பெருக்க நலச் சேவை பெரும்பாலும் இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கெய்ரோவில் மக்கள்தொகை, வளர்ச்சி குறித்த பன்னாட்டு மாநாடு நடந்தது. 179 நாடுகள் பங்கேற்ற அம்மாநாட்டின் செயல்திட்டம், எத்தனை குழந்தைகள், எவ்வளவு இடைவெளியில் என்பதை வற்புறுத்தலின்றித் தாமே முடிவு செய்யும் உரிமையை வலியுறுத்தியது. அகதிகளும் இடம்பெயர்ந்தோரும் இந்தச் சேவைகளுக்கு உரியவர்கள் என்பதும் ஏற்கப்பட்டது.

1995இல் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம், ஐ.நா. மக்கள்தொகை நிதியம், உலக சுகாதார நிறுவனம், தன்னார்வ அமைப்புகள் ஆகியன இணைந்து ஒரு கூட்டுப் பணிக்குழுவை அமைத்தன. முகாம் பணியாளர்களுக்கான கையேட்டின் திருத்திய பதிப்பு 1999இல் வந்தது.

குறைந்தபட்சச் சேவைத் தொகுப்பு

அக்கையேட்டின் மையக் கருத்து, நெருக்கடியின் முதல் நாட்களிலேயே, கணக்கெடுப்புக்குக் காத்திராமல் தொடங்க வேண்டிய குறைந்தபட்சச் சேவைத் தொகுப்பு ஆகும். பொறுப்பாளர் ஒருவரை நியமித்தல், பாலியல் வன்முறையைத் தடுத்துப் பாதிக்கப்பட்டோருக்குச் சிகிச்சை அளித்தல், எச்.ஐ.வி. பரவலைக் குறைத்தல், தாய் சேய் மரணத்தைக் குறைத்தல், முழுமையான சேவைக்குத் திட்டமிடல் ஆகிய ஐந்தும் அதன் நோக்கங்கள்.

இதற்கான பொருள்கள் எண்ணிட்ட பெட்டிகளாக முன்கூட்டியே தயாரிக்கப்பட்டன. கருவுற்ற பெண்ணிடமே கொடுக்கப்படும் பிரசவப் பை மிக எளிமையானது: விரித்துப் படுக்க பிளாஸ்டிக் விரிப்பு, சோப்பு, தொப்புள்கொடியைக் கட்ட நூல், வெட்டப் புதிய பிளேடு. மருத்துவமனையை எட்ட முடியாத இடத்தில் தொற்றைக் குறைக்க இவை உதவும்.

1999இல் கொசோவோ அகதிகள் அல்பேனியாவுக்கு வந்தபோது இப்பெட்டிகள் அனுப்பப்பட்டன. அவற்றிலிருந்த அவசரக் கருத்தடை மாத்திரைகளை வத்திக்கான் கடுமையாகக் கண்டித்தது. நிவாரணப் பணிக்குள்ளும் கருத்தடை சர்ச்சைக்குரியதாகவே இருந்ததை இது காட்டுகிறது.

முதுகில் சுமந்து சென்ற மருத்துவம்

நாட்டு எல்லையைக் கடந்தவரே சட்டப்படி அகதி. சொந்த நாட்டுக்குள்ளேயே விரட்டப்பட்டவர்களுக்கு முகாமும் இல்லாமல் போகலாம். இதற்குக் கிழக்கு பர்மா ஓர் எடுத்துக்காட்டு. 1988 எழுச்சி ஒடுக்கப்பட்டபின் தாய்லாந்துக்குத் தப்பிய கரேன் இன மருத்துவர் சிந்தியா மாங், 1989இல் எல்லை நகரான மே சோட்டில் மே தாவ் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அங்கு பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள், 2005 முதல் 2008 வரை நடந்த ஒரு திட்டத்தில் கரேன், கரேன்னி, மோன், ஷான் பகுதிகளில் நடமாடும் சேவை வழங்கினர். நாட்டு மருத்துவச்சிகளையும் அவர்கள் இணைத்துக்கொண்டனர். அவசரப் பேறுகாலப் பயிற்சி பெற்றவர் உடனிருந்த பிரசவங்கள் சுமார் 5 விழுக்காட்டிலிருந்து 49 விழுக்காடாக உயர்ந்தன. நவீன கருத்தடை முறைகளின் பயன்பாடு 24இலிருந்து 45 விழுக்காடானது. கட்டடம் இல்லாவிட்டாலும், அம்மக்களுக்குள்ளிருந்தே பணியாளர்களை உருவாக்கினால் இச்சேவை நடக்கும் என்பது இதனால் தெரியவந்தது.

கருத்தடைக்குக் கிடைத்த இடம்

முதல் தொகுப்பில் ஆணுறையும், வன்முறைக்குப் பிந்தைய அவசரக் கருத்தடையும் இருந்தன. மாத்திரை, ஊசி, கருத்தடை வளையம் முதலியவை நிலைமை சீரானபின் வர வேண்டிய முழுமையான சேவைக்குத் தள்ளப்பட்டிருந்தன. 2010 கையேடு, கேட்போருக்குக் கருத்தடைச் சாதனங்கள் கிடைக்க வேண்டும் என்றது. ஆனால் அது கூடுதல் பணியாகவே குறிக்கப்பட்டது. 2018 திருத்தத்தில்தான் விரும்பாத கருவுறுதலைத் தடுத்தல் தொகுப்பின் நோக்கங்களில் ஒன்றாயிற்று.

நிலைமை சீராகட்டும் என்று காத்திருப்பதன் பொருளை அகதி வாழ்வின் காலஅளவு உணர்த்தும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கும் அகதி நிலையை நீடித்த அகதி நிலை என ஐ.நா. வகைப்படுத்துகிறது. ஒரு பெண்ணின் வாழ்வில் ஐந்து ஆண்டு என்பது இரண்டு மூன்று பிரசவங்களுக்கான காலம்.

உரிமையும் அச்சமும்

இனத்தின் பெயரால் விரட்டப்பட்டவர்களிடம் பிறர் கருத்தடையைக் கொண்டுவரும்போது, தம் எண்ணிக்கையைக் குறைக்கும் சூழ்ச்சியோ என்ற ஐயம் எழுவது இயல்பு. உணவுப் பங்கீட்டுக்கும் இருப்பிடத்துக்கும் பிறரையே நம்பியிருப்பவர் மறுப்புச் சொல்வதும் கடினம். எனவேதான் இன்றைய வழிகாட்டல்கள் விளக்கமளித்தல், பல முறைகளிலிருந்து தேர்வு, சம்மதம் ஆகியவற்றை வலியுறுத்துகின்றன. கையில் பொருத்தும் கருத்தடைக் குச்சியைப் போடுபவர், கேட்கும்போது அதை எடுத்துவிடவும் தயாராக இருக்க வேண்டும்.

2023 இறுதியில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தோர் 11.73 கோடிப் பேர். இவர்களுக்குச் சேவையை மறுப்பதும் தவறு, திணிப்பதும் தவறு. இரண்டிலும் முடிவெடுக்கும் உரிமை அந்தப் பெண்ணிடமிருந்து பறிக்கப்படுகிறது.