முப்பது லட்சம் மைல் கார் ஓட்டிய வாத்தியார்

இன்றைக்கு ராஜா ராணி வரலாறு இல்லை, ஒரு காரின் வரலாறு. ஓட்டியவர் நம் இனம்தான், பள்ளிக்கூட வாத்தியார்.

பெயர் இர்வ் கோர்டன். அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் அறிவியல் ஆசிரியர். 1966 கோடையில் சிவப்பு நிற வோல்வோ 1800எஸ் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். விலை 4,150 டாலர், ஏறக்குறைய அவருடைய ஒரு வருடச் சம்பளம். (எங்கள் காலத்தில் ஒரு வருடச் சம்பளத்தில் ஸ்கூட்டர் வாங்கினாலே தெருவே வந்து பார்க்கும்.) வாங்கிய சில நாளிலேயே 1,500 மைல் ஓட்டிவிட்டு முதல் சர்வீஸுக்குப் போய் நின்றாராம். பள்ளிக்குப் போய்வர தினமும் 125 மைல், அதாவது 200 கிலோமீட்டர். 1987இல் 10 லட்சம் மைல், 2002இல் 20 லட்சம், 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் 30 லட்சம். கிலோமீட்டரில் 48 லட்சம். நிலாவுக்கு ஆறு தடவை போய்த் திரும்பிய தூரம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் தங்கை மகன் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்த்திருக்கிறான். 1,20,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. "மாமா, ஒரு லட்சம் தாண்டினால் வண்டி முடிந்தது என்கிறார்களே?" என்று கேட்டான்.

அந்தப் பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய கார்கள் பலவற்றில் மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999க்குப் பிறகு மறுபடி பூஜ்யம். அதற்கு மேல் எண்ணவேண்டி வரும் என்று செய்தவர்களே பெரிதாக எதிர்பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோர்டன் வண்டியின் இன்ஜினை முதன்முதலில் பிரித்து வேலை பார்த்தது 6,80,000 மைலில். சுமார் 11 லட்சம் கிலோமீட்டர். கெட்டியான வார்ப்பிரும்பு இன்ஜின், நாலு சிலிண்டர். கிராங்க் ஷாஃப்டை ஐந்து பேரிங்குகள் தாங்கின. ஆனால் இரும்பு மட்டும் காரணமில்லை. வண்டி இரவெல்லாம் நின்றால் ஆயில் வடிந்து கீழே இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்த சில நொடிகளில்தான் உலோகத்தோடு உலோகம் உரசி அதிகம் தேயும். கடைக்கும் கோவிலுக்கும் பத்துப் பத்து நிமிடம் ஓட்டும் வண்டிக்கு இந்தத் தேய்மானம் அடிக்கடி. ஒரே ஓட்டமாக நெடுஞ்சாலையில் போகும் வண்டிக்கு, ஓடிய தூரத்தோடு பார்த்தால் மிகக் குறைவு. அதோடு மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு மைலுக்கு ஒருமுறை தவறாமல் ஆயில் மாற்றினார். காருடன் வந்த கையேட்டைப் பாடப்புத்தகம் போலப் பின்பற்றினார். (பாடப்புத்தகத்தைத் திறக்காமலே தேர்வுக்கு வந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், பெயர் சொல்லவில்லை.)

கிரேக்க நாட்டு டாக்ஸிக்காரர் கிரிகோரியோஸ் சாசினிதிஸ் வேறு ரகம். 1976ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி காரைப் பழையதாக வாங்கி, மீட்டரை 46 லட்சம் கிலோமீட்டர் வரை கொண்டுபோனார். இன்ஜின்களை மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டியவர். சிலர் இதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நான் சேர்ப்பேன்; டாக்ஸி ஓடினால்தானே வீட்டில் அடுப்பெரியும்? 2004இல் மெர்சிடிஸ் நிறுவனம் அதைத் தன் அருங்காட்சியகத்துக்கு வாங்கிக்கொண்டு, அவருக்குப் புதுக் கார் கொடுத்தது.

தங்கை மகனிடம் சொன்னது இதுதான்: மீட்டரைத் திருப்பி வைக்க ஆள் இருக்கிறார்கள், அதை மட்டும் நம்பாதே. சர்வீஸ் பில்களைக் கேள். எந்த ரோட்டில் ஓடியது, எத்தனை கை மாறியது என்று விசாரி. நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிப்போ. பில்லே இல்லாத 40,000 கிலோமீட்டர் வண்டியைவிட, பில்லோடு வரும் 1,20,000 மேல். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறான்.

கோர்டன் 2018 நவம்பரில் தம் 77ஆம் வயதில் காலமானார். அதற்குள் மீட்டர் 32 லட்சம் மைலைத் தாண்டியிருந்தது.